கழுத்துத் தமனி ஸ்கேன் எடுக்கலாமா? அல்ட்ராசவுண்டும் அதற்கு மாற்றான சோதனைகளும்

முழு உடல் பரிசோதனைத் திட்டங்களின் விலைப்பட்டியலில் எக்கோ, டிரெட்மில் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் 'கரோட்டிட் டாப்ளர்', அதாவது கழுத்துத் தமனி அல்ட்ராசவுண்ட், என்ற வரியும் இப்போது பரவலாக இடம்பெறுகிறது. கொலஸ்ட்ராலோ இரத்த அழுத்தமோ சற்றே கூடுதலாக உள்ள, மற்றபடி எந்தத் தொந்தரவும் இல்லாத ஐம்பது வயதுக்காரர் ஒருவர் அந்த வரியைத் தேர்ந்தெடுப்பதா விடுவதா என்பதைப் பற்றியதே இக்கட்டுரை. கழுத்தின் இருபுறமும் மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனிகளை அல்ட்ராசவுண்டில் பார்ப்பது, இதயத் தமனிகளின் சுண்ணாம்புப் படிவைச் சி.டி.யில் அளப்பது, தமனிகளின் விறைப்பை நாடித்துடிப்பின் வேகத்தைக் கொண்டு கணிப்பது, படமே எடுக்காமல் வயது, இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் ஆகியவற்றை வைத்து முடிவெடுப்பது என அவர் முன் பல வழிகள் உள்ளன. எதைச் செய்தாலும் அதன் விடை மருத்துவர் எழுதும் சீட்டை மாற்றுமா என்ற கேள்வியைக் கேட்டுப் பார்த்தால் இவற்றில் பாதி தாமாகவே உதிர்ந்துவிடும் என்பது என் கணிப்பு.

தமனி கெட்டிப்படுவது என்று பொதுவாகப் பேசப்படுவதற்குள் இரண்டு வெவ்வேறு மாற்றங்கள் அடங்கியுள்ளன. தமனியின் உட்சுவரில் கொழுப்பும் அழற்சிச் செல்களும் சேர்ந்து திட்டாகத் தடித்து, காலப்போக்கில் சுண்ணாம்பு ஏறுவது ஒன்று. மாரடைப்புக்கும் பக்கவாதத்தின் ஒரு பெரும் பங்குக்கும் வேராக இருப்பது இதுதான். வயதும் உயர் இரத்த அழுத்தமும் சேர்ந்து சுவரின் நடு அடுக்கிலுள்ள மீள்தன்மை கொண்ட இழைகளைச் சிதைத்து, குழாய் முழுவதையுமே விறைக்கச் செய்வது மற்றொன்று. பெரும்பாலோரிடம் இவ்விரண்டும் கலந்தே இருந்தாலும், ஒன்றைக் காட்டும் கருவி மற்றொன்றைக் காட்டுவதில்லை.

கழுத்து இதற்கு ஏற்ற இடமாக அமைந்ததற்கு உடற்கூறுதான் காரணம். பொதுக் கரோட்டிட் தமனி தோலுக்கு அடியில் ஓரிரு சென்டிமீட்டர் ஆழத்திலேயே ஓடுகிறது. எலும்போ காற்றோ குறுக்கே இல்லை. குரல்வளைக் குருத்தெலும்பின் மேல்விளிம்பை ஒட்டிய உயரத்தில் அது இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை மூளைக்கும் மற்றது முகத்துக்கும் செல்கிறது. பிரியும் இடத்தில் குழாய் சற்றே பல்புபோல் விரிவதால் இரத்த ஓட்டம் அங்கே சுழித்துத் தயங்குகிறது; படிவு முதலில் தொடங்குவதும் பெரும்பாலும் அங்கேதான். மல்லாந்து படுத்து முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக் கொள்பவரின் கழுத்தில் ஜெல் தடவி, 7 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வெண் கொண்ட நேர்கோட்டுப் புரோபை, அதாவது ஒலியலையை அனுப்பிப் பெறும் கைக்கருவியை, வைத்தால், கருமையான இரத்தக் குழாயின் கீழ்ச்சுவரில் இரண்டு வெண்கோடுகளும் அவற்றுக்கிடையே மெல்லிய கருங்கோடும் தெரியும். கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை. கால் மணி நேரத்தில், அதிகம் போனால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

அந்த இரண்டு வெண்கோடுகளுக்கு இடைப்பட்ட தூரமே உள்-நடு அடுக்குத் தடிப்பு, அறிக்கைகளில் ஐ.எம்.டி. என்று எழுதுவார்கள். இத்தாலியைச் சேர்ந்த பாவ்லோ பின்யோலியும் அவருடைய குழுவினரும் 1986இல், அல்ட்ராசவுண்டில் தெரியும் இந்தத் தூரம் அறுத்துப் பார்த்த தமனிச் சுவரின் தடிப்போடு ஒத்துப்போவதைக் காட்டினர். அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்த எண் மருத்துவ ஆய்வுலகின் செல்லப்பிள்ளையாக இருந்தது. சென்னையிலும் தி. நகர், திருமங்கலம் பகுதிகளில் நடந்த நகர்ப்புற மக்கள் ஆய்வின் ஒரு பகுதியாக மருத்துவர் வி. மோகன் குழுவினர் இதை அளந்து, சர்க்கரை நோய் உள்ளவர்களின் தமனிச் சுவர் மற்றவர்களுடையதைவிடக் குறிப்பிடத்தக்க அளவு தடித்திருப்பதைக் கண்டனர். அந்த முடிவு 2000இல் வெளியானது.

ஆனால் கூட்டத்தை ஒப்பிடுவதற்குப் பயன்படும் எண் தனி ஒருவருக்கு முடிவு சொல்லவும் பயன்பட வேண்டும் என்பதில்லை. 2012இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வெளியான தொகுப்பாய்வு ஒன்று 45,828 பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்து, வழக்கமான இடர்க் கணக்கோடு ஐ.எம்.டி.யைச் சேர்ப்பதால் கிடைக்கும் கூடுதல் பயன் நடைமுறையில் பொருட்படுத்தத் தக்கதன்று என்று முடிவு செய்தது. 2010இல் இந்த அளவீட்டுக்குச் சாதகமாகப் பேசிய அமெரிக்க இதய அமைப்புகளின் வழிகாட்டி 2013இல் திரும்பி, அன்றாட மருத்துவத்தில் இதை அளக்க வேண்டாம் என்றது. தடிப்பு கூடுவதற்குப் படிவு மட்டுமே காரணமாக இருப்பதில்லை. உயர் இரத்த அழுத்தத்தைத் தாங்குவதற்காக நடு அடுக்கின் தசை பருத்தாலும் எண் கூடும். இன்னொரு சிக்கல் அளவின் நுண்மை. இந்தத் தடிப்பு ஆண்டுக்கு ஏறத்தாழ மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு அளவில்தான் வளர்கிறது. ஒரே நபரை ஒரு வார இடைவெளியில் இருவர் அளந்தால் வரும் வேறுபாடு அதைவிடப் பல மடங்கு பெரியது. சென்ற ஆண்டு 0.82, இந்த ஆண்டு 0.88 என்று இரண்டு அறிக்கைகளை அருகருகே வைத்துக் கவலைப்படுவதும், 0.88 அடுத்த ஆண்டு 0.80 ஆனதும் மகிழ்வதும் ஒன்றுபோலவே பொருளற்றவை. 'வருடாந்திர ஐ.எம்.டி. கண்காணிப்பு' என்ற பெயரில் யாராவது பணம் கேட்டால் மறுத்துவிடலாம்.

அல்ட்ராசவுண்டின் உண்மையான மதிப்பு வேறோர் இடத்தில் இருக்கிறது. சுவர் சீராகத் தடித்திருப்பதைவிட, ஓரிடத்தில் மட்டும் குழாய்க்குள் மேடிட்டு நிற்கும் திட்டு, அதாவது பிளாக் (plaque; அடைப்பைக் குறிக்கும் 'block' அன்று), முக்கியமானது. மன்ஹைம் நகரில் வல்லுநர்கள் கூடி வகுத்த வரையறையின்படி, குழாய்க்குள் குறைந்தது 0.5 மில்லிமீட்டர் துருத்தியிருப்பதோ, சுற்றியுள்ள சுவரைவிட 50 விழுக்காடு கூடுதலாகத் தடித்திருப்பதோ, மொத்தத் தடிப்பு 1.5 மில்லிமீட்டரைத் தாண்டுவதோ பிளாக் எனப்படும். அது இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு தேவையில்லை. கவனமாகப் பார்ப்பவரின் கண் போதும். அதன் நிறமும் செய்தி சொல்லும்: பளிச்சென்று வெளுத்துப் பின்னால் நிழல் விழச் செய்வது சுண்ணாம்பேறிய பழைய படிவு, இரத்தத்தைப் போலவே கருத்துத் தெரிவது கொழுப்பு மிகுந்த மென்படிவு; இது வெடித்துச் சிதறும் வாய்ப்பு கூடுதல். இந்தக் கரும்படிவு வெறும் சாம்பல் நிறப் படத்தில் கண்ணுக்குத் தப்பிவிடக்கூடும் என்பதால், வண்ண டாப்ளரில் இரத்தம் நிரம்பாத இடத்தைத் தேடிப் பார்க்க வேண்டும். அவசரமாகப் பார்த்து எழுதும் 'நார்மல்' இங்கேதான் தவறுகிறது.

மூன்றாவது அளவு வேகம். குழாய் குறுகிய இடத்தில் இரத்தம் விரைந்து பாய்வதால், அந்த வேகத்திலிருந்து குறுக்கத்தின் அளவைக் கணிக்கிறார்கள். அமெரிக்க அல்ட்ராசவுண்ட் கதிரியக்க வல்லுநர்கள் 2003இல் வெளியிட்ட அளவுகோலின்படி, மூளைக்குச் செல்லும் கிளையில் உச்ச வேகம் நொடிக்கு 125 சென்டிமீட்டருக்குக் கீழ் இருந்தால் குறுக்கம் 50 விழுக்காட்டுக்குள் அடங்கும். 230ஐத் தாண்டினால் 70 விழுக்காடோ அதற்கு மேலோ இருக்கும். ஒலிக்கற்றைக்கும் இரத்த ஓட்டத்துக்கும் இடையே உள்ள கோணம் 60 பாகைக்கு மேல் போனால் இந்த எண்கள் நம்பத்தகாதவை ஆகிவிடும். எதிர்ப்பக்கத் தமனி முழுவதும் அடைத்திருந்தால் இந்தப் பக்கத்தில் வேகம் பொய்யாகக் கூடும். கிட்டத்தட்ட மூடிவிட்ட குழாயிலோ, முரணாக, வேகம் குறைந்து காட்டும்.

வேகத்தை அளப்பது யாருக்கு உயிர்காக்கும் என்றால், அறிகுறி உள்ளவருக்கு. ஒரு கையும் காலும் சில நிமிடங்கள் வலுவிழந்து மீண்டவர், திடீரென்று வாய் குழறியவர், ஒரு கண்ணில் மட்டும் திரை இறங்கியது போலப் பார்வை மறைந்து திரும்பியவர் ஆகியோர் விலைப்பட்டியலைப் பார்த்துக் கொண்டிருக்கக் கூடாது. அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். 1991இல் வெளியான, கழுத்துத் தமனி அறுவையைச் சோதித்த நாசெட் ஆய்வில், 70 விழுக்காட்டுக்கு மேல் குறுக்கமும் அறிகுறியும் இருந்தவர்களில், மருந்து மட்டும் எடுத்துக்கொண்டோருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் அதே பக்கத்தில் பக்கவாதம் வந்தது 26 விழுக்காடு. படிவை அறுவை மூலம் அகற்றிக்கொண்டோருக்கு 9 விழுக்காடு. அறிகுறி இல்லாதோரிடம் நடந்த அகாஸ் ஆய்வில், 1995இல், இதே ஒப்பீடு ஐந்து ஆண்டுகளுக்கு 11க்கு 5 என்ற அளவிலேயே நின்றது. அதுவும் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகள் பரவலாவதற்கு முந்தைய காலத்தில். இதனால்தான் அமெரிக்காவின் தடுப்புச் சேவைகள் பணிக்குழு, அறிகுறியற்ற பொதுமக்களிடம் கழுத்துத் தமனிக் குறுக்கத்தைத் தேடிச் சல்லடை போட வேண்டாம் என்று 2014இலும் மீண்டும் 2021இலும் பரிந்துரைத்தது. அத்தகைய குறுக்கம் பொதுமக்களில் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே இருக்கிறது. இல்லாத குறுக்கத்தை இருப்பதாகக் காட்டும் அறிக்கை ஒருவரைத் தேவையற்ற அறுவை வரை இழுத்துச் சென்றுவிடும்.

ஆகவே அறிகுறியற்றவர் கேட்க வேண்டியது 'அடைப்பு எத்தனை விழுக்காடு' என்பதைவிட 'பிளாக் உண்டா' என்பதே. இந்த இடத்தில்தான் சி.டி. கால்சியம் ஸ்கோர் நேரடிப் போட்டியாக வந்து நிற்கிறது. மருந்து ஏற்றாமல், மூச்சை ஒருமுறை அடக்கி எடுக்கும் இந்த ஸ்கேன், இதயத் தமனிகளிலுள்ள சுண்ணாம்பைக் கூட்டி ஓர் எண்ணாகத் தருகிறது; அதைக் கணக்கிடும் முறையை அகாட்ஸ்டன் 1990இல் வகுத்தார். எடுப்பவரின் கைத்திறனை அது அதிகம் நம்பியிருப்பதில்லை. சென்னையில் எடுத்தாலும் சேலத்தில் எடுத்தாலும் ஏறக்குறைய அதே எண் வரும். அமெரிக்காவின் மெசா ஆய்வில், மாரடைப்பை முன்கூட்டிச் சொல்வதில் கால்சியம் ஸ்கோர் ஐ.எம்.டி.யைத் தெளிவாக விஞ்சியது. பக்கவாதத்தில் மட்டும் ஐ.எம்.டி. சற்றே முந்தியது. 2018இன் அமெரிக்கக் கொலஸ்ட்ரால் வழிகாட்டி, மருந்து தேவையா என்று தீர்மானிக்க முடியாத நடுத்தர இடர் உள்ளோருக்கு இந்த ஸ்கோரையே பரிந்துரைக்கிறது: 100ஐத் தொட்டால் ஸ்டாட்டின் தொடங்க வேண்டும், பூஜ்யமாக இருந்தால், சர்க்கரை நோய், புகைப்பழக்கம், நெருங்கிய குடும்பத்தில் இளவயது மாரடைப்பு ஆகியவை இல்லாதவரையில் மருந்தைத் தள்ளிப் போடலாம்.

கதிர்வீச்சு ஏறத்தாழ 1 மில்லிசீவெர்ட். இயற்கையிலிருந்து நாம் ஆண்டுக்குப் பெறுவதாக உலகச் சராசரியில் கணக்கிடப்படும் 2.4 மில்லிசீவெர்ட்டோடு ஒப்பிட்டால் இது அஞ்சத்தக்க அளவன்று. என்றாலும் இந்த ஸ்கேனுக்கு ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. சுண்ணாம்பு ஏறாத படிவு அதன் கண்ணில் படாது. நாற்பதுகளில் இருப்பவரின் படிவு பெரும்பாலும் சுண்ணாம்பேறாத பருவத்திலேயே இருக்கும். ஸ்பெயினில் 40 முதல் 54 வயதுள்ள வங்கி ஊழியர்களிடம் நடந்த பேசா ஆய்வில், 63 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு தமனியில் படிவின் தொடக்கம் தெரிந்தது. பங்கேற்ற அனைவரிலும் இதயத் தமனியில் சுண்ணாம்பு இருந்தது 18 விழுக்காட்டினருக்கு, கழுத்தில் படிவு இருந்தது 31 விழுக்காட்டினருக்கு, இடுப்பிலிருந்து தொடைக்குச் செல்லும் தமனிகளில் இருந்தது 44 விழுக்காட்டினருக்கு. ஐம்பதுக்குக் கீழுள்ளவருக்கு நான் அல்ட்ராசவுண்டை முன்னிறுத்துவது இதனால்தான். கழுத்தோடு நிறுத்தாமல், அதே புரோபைத் தொடை மடிப்பிலும் ஐந்து நிமிடம் வைத்துப் பார்க்கச் சொல்வது நல்லது. ஐரோப்பிய இதயவியல் கழகமும் 2019இல், கழுத்து அல்லது தொடைத் தமனியில் அல்ட்ராசவுண்டில் தெரியும் பிளாக்கை இடரைக் கூட்டும் சான்றாகக் கொள்ளலாம் என்று ஏற்றுக்கொண்டது, ஐ.எம்.டி.க்கு அந்த இடத்தை அது தரவில்லை.

விறைப்பை அளக்கும் சோதனையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாடித்துடிப்பின் அலை கழுத்திலிருந்து தொடை வரை எவ்வளவு விரைவாகப் போகிறது என்று பார்த்து, நொடிக்கு 10 மீட்டரைத் தாண்டினால் பெருந்தமனி விறைத்துவிட்டது என்பார்கள். ஜப்பானில் நான்கு கை கால்களிலும் பட்டை கட்டி அளக்கும் எளிய வடிவம் பரவலாக இருக்கிறது. முடிவு அன்றைய இரத்த அழுத்தத்தைப் பொறுத்து ஏறி இறங்கும். விறைப்பு தெரிந்தபின் செய்ய வேண்டிய சிகிச்சை, அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவதும் நடைப்பயிற்சியும் உப்பைக் குறைப்பதும்தான்; அழுத்தக் கருவியைப் பார்த்தே அதைச் சொல்லியிருக்கலாம்.

தமனிகளை முழுதாகப் படமெடுக்கும் சி.டி. ஆஞ்சியோ, எம்.ஆர். ஆஞ்சியோ இரண்டும் வேறு வரிசையைச் சேர்ந்தவை. அறிகுறி உள்ளவருக்கும், அல்ட்ராசவுண்டில் பெரிய குறுக்கம் தெரிந்தவருக்கும், நெஞ்சிலுள்ள பெருந்தமனி வளைவு தொடங்கி மூளைக்குள் செல்லும் கிளைகள் வரை ஒரே வீச்சில் காட்டுபவை அவை. அயோடின் மருந்து ஏற்றும் சி.டி.யில் சிறுநீரகத்தைக் கவனிக்க வேண்டும், எம்.ஆர்.ஐ.யில் மருந்து ஏற்றாமலே இரத்த ஓட்டத்தைப் படமாக்கும் முறையும் உண்டு, ஆனால் அது குறுக்கத்தைச் சற்று மிகைப்படுத்திக் காட்டும். நம்மவர்களைப் பொறுத்தவரை இவற்றுக்கு ஒரு தனி முக்கியத்துவம் இருக்கிறது. மேலைநாட்டு வெள்ளையரிடம் குறுக்கம் பெரும்பாலும் கழுத்தில் வருகிறது. இந்தியர் உள்ளிட்ட ஆசியரிடம் மண்டையோட்டுக்குள் இருக்கும் தமனிகளில் வருவது ஒப்பீட்டளவில் மிகுதி. கழுத்தில் வைத்த புரோப் அங்கே எட்டாது. ஆகவே பக்கவாத அறிகுறி வந்து சென்ற ஒருவருக்குக் கழுத்து டாப்ளர் சுத்தமாக இருக்கிறது என்பதைச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது.

படமே வேண்டாம் என்ற வழிக்கு உரிய மதிப்பைப் பலர் தருவதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் தெற்காசியாவுக்கென 2019இல் திருத்தி வெளியிட்ட இடர் அட்டவணைகளில், இரத்தப் பரிசோதனைகூட இல்லாமல் வயது, பாலினம், புகைப்பழக்கம், இரத்த அழுத்தம், உடல் நிறைக் குறியீடு ஆகியவற்றை மட்டும் கொண்டு பத்தாண்டு இடரைக் கணிக்கும் அட்டவணையும் ஒன்று. நாற்பதைத் தாண்டிய சர்க்கரை நோயாளிக்கும், 'கெட்ட கொலஸ்ட்ரால்' எனப்படும் எல்.டி.எல். 190க்கு மேல் உள்ளவருக்கும் ஸ்டாட்டின் தேவை என்பது வழிகாட்டிகளில் ஏற்கெனவே முடிந்த விஷயம். அவர்கள் ஸ்கேனில் பிளாக் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் மருந்து ஒன்றுதான். இவர்களிடம் கரோட்டிட் டாப்ளர் கட்டணம் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அதே பணத்தில் ஒருமுறை இரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் துகள்களில் ஒன்றான லிப்போபுரோட்டீன் 'ஏ' அளவைப் பார்த்துக்கொண்டால், வாழ்நாள் முழுவதும் பெரிதாக மாறாத ஒரு பரம்பரை இடரைத் தெரிந்துகொண்டதாக இருக்கும்.

ஸ்கேனுக்குத் தகுதியானவர்கள், என் பார்வையில், வேலிமேல் நிற்பவர்கள்: கணக்கில் நடுத்தர இடர், தந்தைக்கோ அண்ணனுக்கோ ஐம்பதுக்குள் மாரடைப்பு, எல்.டி.எல். 140, 150 என்று நிற்கிறது, ஆனால் மாத்திரைக்கு மனம் ஒப்பவில்லை. இவர்களில் ஐம்பதைத் தாண்டியவருக்குக் கால்சியம் ஸ்கோர் தெளிவான விடை தரும். அதற்குக் கீழுள்ளவருக்கும், சி.டி. வசதி அருகில் இல்லாத ஊரில் இருப்பவருக்கும் கழுத்தும் தொடையும் சேர்ந்த அல்ட்ராசவுண்ட். அல்ட்ராசவுண்டுக்கு இன்னொரு வலிமையும் உண்டு: அது நோயாளியின் கண்முன்னே நடக்கிறது. சுவீடனின் வெஸ்டர்போட்டன் பகுதியில் 3,532 பேரை வைத்து நடத்திய விப்விசா ஆய்வில், பாதிப் பேருக்கு மட்டும் அவர்களுடைய கழுத்துத் தமனியின் நிலையை, பச்சையிலிருந்து சிவப்பு வரை ஓடும் தமனி வயதுப் பட்டையாகவும், பிளாக் இருந்தால் சிவப்பு வட்டமாகவும் வரைந்து அனுப்பினர். சில வாரங்களில் செவிலியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து விளக்கினார். ஓராண்டு கழித்து, படம் பெற்றவர்களின் இடர் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடுவது நம் ஊரில் எவ்வளவு சாதாரணம் என்று தெரிந்தவர்கள் இந்த முடிவை எளிதில் ஒதுக்கமாட்டார்கள்.

தெரிந்திருக்க வேண்டிய இடையூறு ஒன்றும் உண்டு. புரோப் தமனியைத் தேடும் வழியிலேயே தைராய்டு இருக்கிறது; தற்செயலாக அதில் ஒரு சிறு கட்டி கண்ணில் பட்டு, பெரும்பாலும் தீங்கற்ற அதற்காக ஊசிச் சோதனை வரை அலைய நேரிடுவது அரிதன்று. மேலைநாடுகளில் பேருந்தில் கருவியை ஏற்றி வந்து கூடத்தில் வைத்துக் கழுத்து ஸ்கேன் எடுக்கும் வணிக முகாம்கள் இங்கே அவ்வளவாகப் பரவாததற்கு, கருவின் பாலினத்தை அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் எல்லா அல்ட்ராசவுண்ட் கருவிகளையும் பதிவுக்குள் கொண்டுவந்து, அவற்றை இடம் மாற்றுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியதும் ஒரு காரணம். சட்டம் இயற்றியவர்கள் நினைத்துப் பார்த்திராத நன்மை அது.

எடுப்பது என்று முடிவு செய்தவர் அறிக்கையை வாங்கியதும் பிளாக், வேகம், குறுக்கம் என மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். 'இடது பல்பில் 2.1 மி.மீ. தடிப்புள்ள சுண்ணாம்பேறிய பிளாக், உச்ச வேகம் நொடிக்கு 78 செ.மீ., குறிப்பிடத்தக்க குறுக்கம் இல்லை' என்பது போன்ற வரி இருந்தால் அது பயனுள்ள அறிக்கை: படிவு உண்டு, அடைப்பு இல்லை, கத்திக்கு வேலை இல்லை, ஆனால் ஸ்டாட்டினுக்கு வேலை உண்டு. பிளாக் பற்றி ஒரு சொல்லும் இன்றி இரு பக்கத்துக்கும் ஐ.எம்.டி. எண்களை மட்டும் தந்திருந்தால், எடுத்தவரிடமே திரும்பிச் சென்று பல்பையும் பிரியும் இடத்தையும் பார்த்தார்களா என்று கேட்க வேண்டும். குறுக்கம் 50 விழுக்காட்டைத் தாண்டியிருந்தால் நரம்பியல் அல்லது இரத்தநாள மருத்துவரின் ஆலோசனையோடு ஆண்டுக்கொரு முறை பார்ப்பது முறை. சிறு பிளாக் மட்டும் உள்ளவர் மருந்து தொடங்கியபின் அது கரைந்துவிட்டதா என்று அடிக்கடி பார்க்கத் தேவையில்லை. ஸ்டாட்டின் மென்படிவை இறுகச் செய்து சுண்ணாம்பேற்றுவதால் அடுத்த ஸ்கேனில் அது முன்பைவிட வெளுத்துத் தெரியலாம், கால்சியம் ஸ்கோர் கூடியும் இருக்கலாம், இரண்டும் மருந்து தோற்றதற்கு அடையாளமாகா. அவர் பின்தொடர வேண்டிய எண்கள் எல்.டி.எல்.லும் இரத்த அழுத்தமும்.